செல்வராணி வெட்டாமல் விட்ட கரை

மாப்பிள்ளையூரணியில் செல்வராணியின் ஷெட்டுக்கு வேலை சொல்ல வருகிறவர்கள் முதலில் ஓனரைத்தான் தேடுவார்கள். ஜேசிபிக்கு அடியில் கிடந்து கிரீஸ் அடித்துக்கொண்டிருப்பவள் வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "நாந்தான், சொல்லுங்க" என்பாள். வந்தவர் கொஞ்சம் தடுமாறுவார். அவளுக்கு அது பழகிப்போன சங்கதி. அவர் தடுமாறி முடிப்பதற்குள் ஆள் எப்படிப்பட்டவர், பேச்சு மாறுவாரா மாட்டாரா என்பதுவரை கணித்துவிடுவாள்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்தது தற்செயல்தான். புருஷன் செந்தூர்வேலுக்கு வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. ஊருக்குத் திரும்பி வந்து சொந்தமாக ஓட்டலாம் என்று பழைய ஜேசிபி ஒன்றை வாங்கி நிறுத்தினான். ஆனால் இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று அவன் வருகை தள்ளிக்கொண்டே போயிற்று. சம்பளத்துக்கு வைத்த ஆபரேட்டர்களில் ஒருத்தன் குடிகாரன். இன்னொருத்தன் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பாதியில் எந்திரத்தை விட்டுவிட்டுச் சொல்லாமல் போய்விட்டான். வீட்டுக்காரர் செல்வராணியைத் தேடி வந்து சத்தம் போட்டார். அப்போது செல்வராணி அப்பா வீட்டுப் பலசரக்குக் கடையில் நின்று சாமான் நிறுத்துக்கொண்டிருந்தாள். தராசை அப்படியே வைத்துவிட்டுப் போய் எந்திரத்தில் ஏறினாள். ஒவ்வொரு நாளும் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் பயிற்சி. அன்றைக்கு அவள் தோண்டிய குழி கோணல்மாணலாக இருந்ததென்று வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். பிறகு முறையாகப் பழகி லைசென்ஸ் எடுத்தாள். இரண்டாவது எந்திரமும் வந்தது. அதை ஓட்ட சொரிமுத்து என்று நிதானமான ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டாள்.

எதற்கும் பயப்படாதவள் ஈர மண்ணுக்கு மட்டும் பயப்படுவாள். ஒரு தடவை உப்பளத்து வரப்பில் எந்திரம் அரைவாசி புதைந்து, அதை வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்றிலிருந்து எந்த வேலையானாலும் சரி, எந்திரத்தை இறக்குவதற்கு முன்னால் அந்த இடத்தை முழுக்க நடந்து பார்த்துவிடுவாள்.

2023 டிசம்பர் வெள்ளம் வந்தது. ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டிய மழை ஒன்றிரண்டு நாளில் கொட்டித் தீர்த்தது. மாப்பிள்ளையூரணிக்கு மேற்கே நறுவிலிப்பட்டி என்று ஒரு சின்ன ஊர். எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் காட்டில் விழுகிற மழையை வாரிக்கொண்டு வருகிற ஓடை ஒன்று அந்த ஊரை ஒட்டிப் போய், உப்பளங்களுக்கு நடுவே புகுந்து கடலில் சேரும். வருஷத்தில் பாதி நாள் ஓடும், மீதி நாள் மடுமடுவாய்த் தேங்கிக் கிடக்கும். நறுவிலி ஓடை என்பார்கள். அந்தச் சாதுவான ஓடை அன்றைக்கு ஊருக்குள் புகுந்தது. செல்வராணி ஈர மண் பயத்தை ஒதுக்கிவிட்டு ஜேசிபியோடு தண்ணீருக்குள் இறங்கி, முன்பக்கத்துப் பெரிய பக்கெட்டில் ஆட்களை ஏற்றி மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். கடைசி நடையில் வந்தவர் சிவனணைந்தபெருமாள். மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி, ஊர் விவசாயிகளுக்குத் தலைவர். இரண்டு கக்கத்திலும் ஆட்டுக்குட்டிகளை இடுக்கிக்கொண்டு பக்கெட்டுக்குள் நின்றபடி வந்தார். இறங்கும்போது அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மனுஷனோடுதான் அவள் பிறகு மல்லுக்கு நிற்க வேண்டியதாயிற்று.

வெள்ளம் வடிந்ததும் ஊருக்கு ஓடை மேல் கோபம் வந்தது. கரை நெடுக மரமும் புதருமாக அடைத்துக் கிடந்ததால்தான் தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள் வந்தது என்று எல்லோரும் பேசினார்கள். சிவனணைந்தபெருமாளுக்கு ஓடையோரம் நல்ல விளைநிலம் ஒரு துண்டு கரைந்தே போயிருந்தது. அவர்தான் முன்னால் நின்று மனுக்கொடுத்தார். கோடையில் ஓடையைச் சுத்தம் செய்ய உத்தரவானது. வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் வேல்ராஜ் செல்வராணியைக் கூப்பிட்டு, ரெண்டு கரையும் மொட்டையாக வேண்டும், மழைக்கு முன்னால் முடித்துவிடு என்றார். அவளும் சரி என்றாள். அவளுக்கும் அப்போது அதில் வேறு யோசனை எதுவும் இல்லை.

வழக்கம்போல நடந்து பார்க்கப் போனாள். சொரிமுத்துவும் கூட வந்தான். ஊருக்கு மேற்கே, நிலத்தைக் கரை விளிம்புவரை உழுது மரமே இல்லாமல் வைத்திருந்த இடங்களில் கரை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. கத்தியால் அரிந்த மாதிரி மண் சரிந்து, ஓடை பழைய அகலத்தைப்போல ரெண்டு மடங்காய் வாய் பிளந்து கிடந்தது. சிவனணைந்தபெருமாளின் நிலம் போனதும் அங்கேதான். கொஞ்சம் கீழே வந்தால் நறுவிலி, புங்கை, மஞ்சணத்தி என்று பெரிய மரங்கள், அவற்றுக்கு அடியில் நொச்சிப் புதர், தண்ணீர் ஓரம் தாழை. அங்கே கரை அப்படியே நின்றது. வெள்ளம் மேலே ஏறிப் போனதற்கு அடையாளமாக அவள் தலைக்கு மேலே, எட்டாத உயரத்துக் கிளையில், யார் வீட்டுச் சேலையோ ஒன்று சுற்றிக்கிடந்தது. அவ்வளவு தண்ணீர் போயும் காலுக்குக் கீழே மண் அசையவில்லை. சரிவில் வேர்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு மண்ணைப் பிடித்திருந்தன. மரநிழலில் இருந்த மடுவில் கோடையிலும் இடுப்பளவு தண்ணீர். அயிரை மீன்கள் கூட்டமாகத் திரும்பின.

ஆனால் ஊர் சொன்னதும் முழுப் பொய்யில்லை. ஓடையின் நடுவில், தண்ணீர் ஓட வேண்டிய தரையிலேயே சீமைக்கருவேலம், ஊர்ப்பேச்சில் உடைமரம், காடாய் முளைத்துக் கிடந்தது. அதில் பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் உடைந்த குழாயும் மாட்டி, அணை கட்டின மாதிரி இருந்தது. ஊருக்குப் போகிற சாலைக்கு அடியில் இருந்த குழாய்ப்பாலம் சின்னது. அது வாய்வரை அடைத்துக் கிடந்தது.

"யக்கா, வழிமறிச்சது நடுவுல கெடக்க உடைமரம்லா? கரைல நிக்கது என்ன செஞ்சிச்சு?" என்றான் சொரிமுத்து.

செல்வராணிக்கும் அதேதான் தோன்றியது. தனக்குத் தோன்றுவது சரியா, அல்லது நிழலில் நின்ற சுகத்தில் அப்படித் தோன்றுகிறதா என்று அவளுக்கே உறுதியாக இல்லை. அன்று சாயங்காலம் அந்த வேலைக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளருக்குப் போன் செய்தாள்.

பொறியாளர் பெயர் லுப்னா. காயல்பட்டினத்துப் பெண், அந்த வருஷம்தான் இங்கே மாற்றலாகி வந்திருந்தாள். அவளுடைய வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்து, கீழ்த்தளம் முழுக்கச் சேறாகிப்போனது. மறுநாள் காலையில் லுப்னா வந்ததும் மூன்று பேருமாகத் திரும்பவும் நடந்தார்கள். செல்வராணி கண்டதைச் சொன்னாள். லுப்னா நின்று கேட்டுவிட்டு, தானும் இதையேதான் நினைத்திருந்ததாகச் சொன்னாள். அவளுடைய எஸ்டிமேட்டில் ஓடைக்குள் இருக்கும் முட்செடிகளை அகற்றுவது என்றுதான் இருந்ததாம். ஆள் மாறி ஆள் சொல்லிக் கீழே வரவர அது ரெண்டு கரையும் மொட்டை என்று ஆகிவிட்டது. ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது தனியாக நின்று பேசத் தயங்கிவிட்டேன் என்றாள். எந்திரம் வைத்திருக்கிறவளே இப்படிச் சொல்வாள் என்று லுப்னா எதிர்பார்க்கவில்லை.

செல்வராணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அப்படியானால் ஊருக்குப் பக்கத்தில் ஓடை பாம்பு மாதிரி வளைகிற இடத்தை நேராக வெட்டிவிட்டால் தண்ணீர் சட்டென்று போய்விடும், ரெண்டே நாளில் முடித்துத் தருகிறேன் என்றாள். லுப்னா தலையை அசைத்தாள்.

"அந்த வளைவ மட்டும் தொட்றாதீங்கக்கா. அதுல மோதி மோதித்தான் தண்ணி வேகம் கொறையுது. நேரா வெட்டிட்டா அவ்வளவு வேகமும் பாலத்துல போய் இடிக்கும். பாலம் தாங்காது."

செல்வராணி அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். அவள் கைக்கு நேராக வெட்டித்தான் பழக்கம். ஆனால் வெள்ளத்தன்று மேற்குப் பக்கம் தண்ணீர் வந்த வேகம் அவளுக்கு நினைவிருந்தது. எந்திரத்தையே நகர்த்திப் பார்த்த தண்ணீர் அது. வளைவைத் தாண்டி வந்தபோதுதான் அவளால் பக்கெட்டை நிதானமாக இறக்க முடிந்தது. அதனால் விட்டுக்கொடுத்தாள். மரநிழல் போனால் மடு வற்றிவிடும், மடு வற்றினால் சுற்றுவட்டக் கிணறுகளும் இறங்கும், அவிழ்ந்த மண் எல்லாம் கடல்வாயில் போய்ப் படியும் என்று லுப்னா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியாகச் சொன்னது செல்வராணிக்கு ஏற்கெனவே பாதி தெரியும். ஓடை கடலில் சேருகிற இடத்தில் நண்டு பிடித்து விற்கிற ஞானபாய் என்கிற அம்மாள், வெள்ளத்துக்குப் பிறகு அங்கே முழங்கால் அளவுக்குச் சேறு படிந்துவிட்டது, வலையைப் போட்டால் சகதிதான் வருகிறது என்று சந்தையில் அவளிடம் புலம்பியிருந்தாள்.

அடுத்த வாரம் ஊர்க்கூட்டம். கரை மரங்களை விட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் எடுக்கப் போகிறோம், குழாய்ப்பாலத்தை இடித்துப் பெரிதாகக் கட்டப் போகிறோம் என்று லுப்னா விளக்கினாள். முணுமுணுப்பு கிளம்பியது. சிவனணைந்தபெருமாள் எழுந்தார். அவர் கத்துகிற ஆளில்லை. அதனாலேயே அவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

"ஏ தாயி, ஒன் பக்கெட்டுல நின்னு உசிரு பொழைச்சவன் நான். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனா வெளைஞ்ச காட்ட இழந்தவனும் நாந்தான். மறுபடி தண்ணி ஊருக்குள்ள வந்துச்சுன்னா யாரு பொறுப்பு? ஆபீஸ்காரவுக அன்னைக்கு வேற ஊருக்கு மாறிப் போயிருப்பாவ."

லுப்னாவின் முகம் சுருங்கியது. அதில் உண்மை இருந்தது. செல்வராணி எழுந்தாள்.

"நான் எங்கயும் போக மாட்டேன் அண்ணாச்சி. எங்கன இருக்கேன்னு ஒங்களுக்குத் தெரியும். நான் விட்டுவைக்க கரை ஒடைஞ்சா, ரெண்டு எந்திரத்தையும் கொண்டாந்து நானே அடைச்சுத் தாரேன். எத்தன நாள் ஆனாலும் சரி, கூலி கேக்க மாட்டேன். இத்தன பேருக்கு முன்னால சொல்லுதேன்."

கூட்டம் அடங்கியது. பெருமாள் அரை மனதாய், ஒரு மழைக்குப் பார்ப்போம் என்று சொல்லி உட்கார்ந்தார். வெளியே வந்ததும் சொரிமுத்து, இப்படி வாக்குக் கொடுத்துவிட்டீர்களே என்று கவலைப்பட்டான். செல்வராணிக்குக் கவலை இல்லை. அந்த வேர்களை அவள் கையால் இழுத்துப் பார்த்திருக்கிறாள்.

வேல்ராஜுக்குத்தான் இது பிடிக்கவில்லை. வேலை சுருங்கினால் பில்லும் சுருங்கும் என்பது ஒன்று. எடுபிடியாக அமர்த்திய பெண் ஊர் முன்னால் முடிவு சொல்கிறாள் என்பது இன்னொன்று. ரெண்டு நாள் கழித்து, விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில் சொரிமுத்து போன் செய்தான். வெளியூரிலிருந்து ஒரு எந்திரம் வந்து வளைவுக்குக் கீழே மரத்தைச் சாய்த்துக்கொண்டிருக்கிறதாம்.

செல்வராணி தலையைக்கூட முடியாமல் ஜேசிபியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஒரு கூப்பிடு தூரத்துக்குக் கரை மொட்டையாகியிருந்தது. புங்கைகள் வேரோடு மல்லாந்து கிடந்தன. காலம் காலமாக நின்ற ஒரு நறுவிலி, காயும் பூவுமாக ஓடைக்குள் குப்புற விழுந்து கிடந்தது. கரைச்சரிவில் பொந்து வைத்திருந்த மீன்கொத்தி ஒன்று, பொந்து இருந்த இடத்துக்கு நேரே திரும்பத் திரும்பப் பறந்துகொண்டிருந்தது. எந்திரத்தை நேராகக் கொண்டுபோய், அடுத்த மரத்துக்கும் அந்த எந்திரத்துக்கும் நடுவே குறுக்காக நிறுத்தி, பக்கெட்டை மண்ணில் ஊன்றி, எஞ்சினை அணைத்தாள். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எதிரே இருந்த ஆபரேட்டர் ஹாரன் அடித்தான். பிறகு எட்டிப் பார்த்து, தனக்கு ஒன்றும் தெரியாது, சொன்ன வேலையைச் செய்கிறேன் என்றான். உன் மேல் கோபமில்லை, எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வா என்று அவள் சொன்னாள். அவனும் இறங்கிப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் வேல்ராஜ் வந்தார். எந்திரத்தை எடு, இனிமேல் இந்தப் பக்கம் உனக்கு வேலையே கிடைக்காமல் பண்ணிவிடுவேன் என்றார்.

"வேல கெடைக்காட்டி பலசரக்குக் கட இருக்கு. இந்த எந்திரம் இங்கன இருந்து நகராது" என்றாள் செல்வராணி.

சத்தம் கேட்டு ஊர்ச்சனம் கூடியது. வேல்ராஜ், நீங்கள் கேட்டபடிதானே செய்கிறேன் என்று சிவனணைந்தபெருமாளைத் துணைக்கு இழுத்தார். பெருமாள் விழுந்து கிடந்த நறுவிலியைப் பார்த்தார். பிறகு, ஒரு மழைக்குப் பொறுக்கிறதாகச் சபையில் சொல்லியாயிற்று, சொன்னதை மாற்றுகிற பழக்கம் தனக்கில்லை என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து ஜேசிபியின் நிழலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் இன்னும் சில பேர் உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் லுப்னா மேலதிகாரியிடம் பேசி, கரை மரங்களை வெட்டக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு வாங்கி வந்தாள். இந்தத் தடவை அவளிடம் தயக்கம் இல்லை. வேல்ராஜிடம் நேருக்கு நேர் நின்று படித்துக் காட்டினாள். வெளியூர் எந்திரம் லாரியில் ஏறிப் போனது.

மிச்ச வேலையைச் செல்வராணியும் சொரிமுத்துவும் செய்தார்கள். கரையில் ஏறாமல், ஓடைக்குள்ளேயே எந்திரத்தை இறக்கி, சீமைக்கருவேலத்தை மட்டும் வேரோடு பிடுங்கினார்கள். நொச்சிக்கு மேல் பக்கெட் படாமல் எந்திரத்தின் கையைத் திருப்புவது பெரிய பாடு. பழைய வேகத்தில் பாதிகூட வரவில்லை. ஒரு நாள் பொறுமையிழந்து தாழம்புதர் ஒன்றைத் தூக்கி எறிந்தவளும் செல்வராணிதான். அப்புறம் அதை அவளே கொண்டுபோய், வேல்ராஜின் எந்திரம் மொட்டையாக்கிய இடத்தில் ஊன்றினாள். அதிலிருந்துதான் அங்கே நட வேண்டும் என்ற எண்ணம் வந்தது. நொச்சிக் குச்சியை ஒடித்து ஈரத்தில் நட்டாலே வந்துவிடும் என்பதால் ஊர்ப்பெண்கள் சிலர் கூட வந்து வரிசையாக நட்டார்கள். ஆடுகள் பாதியைத் தின்றுவிட்டன. திரும்பவும் நட்டார்கள். புரட்டாசி முடிவதற்குள் குழாய்ப்பாலம் இருந்த இடத்தில் சதுர வாய் வைத்த அகலமான பெட்டிப்பாலம் எழும்பியது.

கார்த்திகையில் வானம் கறுத்தது. முந்தின வருஷத்து வெள்ளம் அளவுக்கு இல்லை, ஆனாலும் பலத்த மழைதான். மேற்கே கரிசல் காட்டில் ராத்திரி முழுக்கப் பெய்து, காலையில் ஓடை இரு கரையும் முட்டிக்கொண்டு வந்தது. ஊர் முழுவதும் பாலத்துப் பக்கம் வந்து நின்றது. செல்வராணி ரெண்டு எந்திரத்தையும் கொண்டுவந்து மேட்டில் நிறுத்தியிருந்தாள். வாக்கைக் காப்பாற்ற வேண்டி வந்தால் தயாராக இருக்க வேண்டும் என்றாள் சொரிமுத்துவிடம். ஆனால் அவள் குரலில் பதற்றம் இல்லை. தண்ணீர் வளைவில் வந்து மோதியது, சுழன்றது, மரங்களுக்கு நடுவே நுரைத்து ஏறி இறங்கியது, பிறகு பாலத்துக்கு அடியில் புகுந்து கிழக்கே போனது. மரம் நின்ற கரையில் ஒரு கூடை மண்கூடச் சரியவில்லை. மரம் வெட்டுப்பட்ட அந்தக் கூப்பிடு தூரம் மட்டும் தாங்கவில்லை. புது நொச்சிக்கு வேர் பிடிக்க நேரம் போதவில்லை. நட்டதில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு கரை இடிந்து, பக்கத்து வண்டிப்பாதையும் அதோடு போனது.

தாழ்வான தெருக்களில் மழைத்தண்ணீர் தேங்கத்தான் செய்தது. அது வானத்திலிருந்து விழுந்த தண்ணீர். ஓடைத் தண்ணீர் ஊருக்குள் வரவில்லை.

மழை விட்டதும் செல்வராணி இடிந்த கரையை அடைக்க எந்திரத்தை இறக்கினாள். அது நீ விட்டுவைத்த கரையில்லை, மற்றவன் வெட்டிய கரை, நீ ஏன் அடைக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். கணக்குப் பார்க்க இது நேரமில்லை என்று சொல்லிவிட்டு அவள் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சிவனணைந்தபெருமாள் கரையோரமாக நடந்து வந்தார். நின்ற கரையையும் இடிந்த கரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் எஞ்சினை அணைத்தாள்.

"மேக்க என் காட்டோரம் இருக்கே, அங்கன என்னத்த நடலாம்?" என்று கேட்டார்.

"நீங்க எவ்வளவு எடம் விடுவியன்னு சொல்லுங்க அண்ணாச்சி. வெளும்பு வரைக்கும் உழுதா எதுவும் நிக்காது."

நிலத்தை விடச் சொல்வது சம்சாரியிடம் லேசான விஷயமில்லை. பெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரை விளிம்பிலிருந்து நடந்துபோய் ஒரு இடத்தில் நின்று, காலால் மண்ணில் கோடு கிழித்தார். செல்வராணி எதிர்பார்த்ததைவிட அது அதிகம். நறுவிலிக் கன்று கிடைக்குமா என்று லுப்னாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

இப்போது அந்தக் கோட்டுக்கு ஓடைப்பக்கம் புங்கையும் நறுவிலியும் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டன. பெருமாளே ஆடு புகாமல் முள் வைத்து அடைத்திருக்கிறார். ஓடைவாயில் நண்டு பழையபடி வராவிட்டாலும் சேறு குறைந்திருக்கிறது என்கிறாள் ஞானபாய். அவள் இதை அதிசயமாகச் சொல்வதில்லை, ஒரு நல்ல சேதியாகச் சொல்லிவிட்டு விலை பேசப் போய்விடுகிறாள். வேல்ராஜ் சொன்னபடியே செல்வராணிக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார். அவருக்குத் தெரிந்த நாலைந்து பேரும் நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷம் அவளுக்குத் தொழில் கொஞ்சம் இடறியது உண்மைதான். ஆனால் குளம், ஓடை வேலைகளுக்கு ஊர்க்காரர்களே அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். கரை மரத்தில் கை வைக்க மாட்டேன் என்பதை அவள் முதலிலேயே சொல்லிவிடுகிறாள். சிலர் திரும்பிப் போகிறார்கள். பல பேர் ஒத்துக்கொள்கிறார்கள்.

போன பொங்கலுக்கு விடுமுறையில் வந்த செந்தூர்வேல் இனிமேல் திரும்பிப் போவதில்லை என்று முடிவெடுத்தான். இப்போது அவன் ஒரு எந்திரத்தை ஓட்டுகிறான், சொரிமுத்து இன்னொன்றை. எங்கே எப்படி வெட்டுவது என்று சொல்வது செல்வராணிதான். லுப்னாவுக்கு ஸ்ரீவைகுண்டத்துக்கு மாற்றலாகிவிட்டது. அங்கே ஆற்றில் வந்து சேருகிற ஒரு சின்ன ஓடையை ரெண்டு பக்கமும் சிமெண்ட் போட்டு மூடிவிட வேண்டும் என்று பேச்சு நடக்கிறதாம். அதைக் கேட்ட மறுநாளே செல்வராணி பஸ் ஏறிப் போனாள். மத்தியான வெயிலில் லுப்னாவும் அவளும் அந்த ஓடையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார்கள். கரையில் நீர்மருதுகள் நிறைய நின்றன. வரும் வெள்ளிக்கிழமை அந்த ஊரில் கூட்டம். பேசுகிறவர்கள் வரிசையில் செல்வராணியின் பெயரை லுப்னா சேர்த்துவிட்டாள்.